பதினைந்துக்குப் பதினைந்து

ஜனவரி 5, ஞாயிறு

ஹெலன் மேடம் சொன்னதுக்காக இந்த டைரி. "தினம் ரெண்டு வரியாவது எழுது தேன்மொழி. கடைசியில உன் மனநிலைக்குப் பத்துக்கு ஒரு மார்க் போடு. ஊரையெல்லாம் அளக்கப் போற, முதல்ல உன்னை அளந்து பழகு"ன்னாங்க. மேடம் எங்க டிபார்ட்மென்ட் ஹெட். அவங்க சொன்னா மறுபேச்சு கிடையாது.

சரி. வயசு முப்பத்திமூணு. திருச்சி, உறையூர். வீட்டுல நானும் அம்மாவும் மட்டும். சைக்காலஜிஸ்டா தனியா வேலை பார்க்க லைசென்ஸ் வேணும், அதுக்கான பரீட்சை ஏப்ரல் 21. இது மூணாவது படையெடுப்பு. எழுத்துத் தேர்வுல ரெண்டு தடவையும் தேறிட்டேன். செய்முறையிலதான் ரெண்டு தடவையும் கவுந்தேன். தேர்வாளர் முன்னாடி ஒரு ஆளை உட்கார வெச்சு டெஸ்ட் நடத்திக் காட்டணும். சொல்ல வேண்டியதை அச்சுல இருக்கிறபடியே சொல்லணும். ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எனக்கு அங்க போனாலே நாக்கு மேல ஒட்டிக்கும்.

அதனால ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் அம்மாதான் என் பேஷன்ட். ரெண்டு வருஷமா அவங்கதான். நான் பதினஞ்சு வார்த்தை வாசிப்பேன். அவங்க ஞாபகம் இருக்கிறதைத் திருப்பிச் சொல்லணும். இப்படி அஞ்சு சுற்று. அரை மணி நேரம் கழிச்சு, வாசிக்காமலே இன்னொரு தடவை கேட்பேன். அந்தக் கடைசி மார்க்தான் முக்கியம். மறதி நோய் இருந்தா அங்கதான் பிடிபடும்.

இன்னிக்கு அம்மா 15/15. நான் ரெண்டு இடத்துல தடுமாறினேன். மனநிலை: 5.

ஜனவரி 8, புதன்

நோய் கண்டறியும் பாடம் ஒரு சுற்று முடிஞ்சது. மனச்சோர்வுக்கும் டிமென்ஷியாவுக்கும் வித்தியாசம்: சோர்வுல இருக்கிறவங்க "எனக்கு எதுவுமே நினைவுல நிக்கல"ன்னு புலம்புவாங்க. டிமென்ஷியாவுல இருக்கிறவங்க மறைப்பாங்க, சிரிச்சு சமாளிப்பாங்க. இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ரெண்டு தடவை அடிக்கோடு போட்டேன்.

அம்மா ரசத்துல ரெண்டு தடவை உப்பு போட்டுட்டாங்க. கேட்டா, "உங்கப்பாவுக்கு இப்படி இருந்தாத்தான் இறங்கும்"னு சிரிக்கிறாங்க. அப்பா போய் நாலு வருஷம் ஆச்சு. மோர் ஊத்திச் சாப்பிட்டுட்டு எழுந்தேன். மனநிலை: 5.

ஜனவரி 19, ஞாயிறு

15/15.

அம்மாவோட ஸ்டைலே தனி. மத்தவங்க கடைசியில கேட்டதை முதல்ல சொல்வாங்க, நடுவுல கோட்டை விடுவாங்க. அம்மா தாள்ல இருக்கிற வரிசையிலேயே ராகம் போட்டுச் சொல்றாங்க. "சீப்பு பாலம் எருமை, கடிதம் நாவற்பழம் கூரை..." டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்தோரு வருஷம் ஆபரேட்டரா இருந்து ரிட்டயரானவங்க. எஸ்டிடி கோடு மதுரைன்னா நாலு அஞ்சு ரெண்டு, கோவைன்னா நாலு ரெண்டு ரெண்டுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொன்ன ஆளு. பிரேமகுமாரின்னா டைரக்டரியே வேண்டாம்னு அம்மாவைப் பத்தி ஆபீஸ்ல சொல்வாங்களாம்.

டெஸ்ட் தாளை வெளியே எடுத்துட்டுப் போகக்கூடாது, வீட்டு மனுஷங்களுக்குப் போட்டுப் பார்க்கக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டுத்தான் எங்களைச் சேர்த்தாங்க. எல்லாரும் ஜெராக்ஸ் வெச்சிருக்கோம். ஒருத்தி மாமனாருக்கே போட்டுப் பார்த்து, அவர் 6 எடுத்ததுலேர்ந்து அவர்கிட்ட எதிர்த்துப் பேச ஆரம்பிச்சுட்டா. தமிழ்ல இந்த டெஸ்டுக்கு 'அ' தாள், 'ஆ' தாள்னு ரெண்டுதான் இருக்கு. என்கிட்ட இருக்கிறது 'அ'.

"அம்மா, இதை வெளியில மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா என் கதை கந்தல்"னு மறுபடி சொல்லி வெச்சேன். "எனக்குத் தெரியாதாடி?"ன்னாங்க. மனநிலை: 5.

பிப்ரவரி 2, ஞாயிறு

15/15.

நேசன் அண்ணா பெங்களூருலேர்ந்து பேசினான். பாப்பாவுக்கு நாலு மாசம் ஆச்சாம். ஏப்ரல் பாதியில அண்ணிக்கு லீவு முடியுது. அண்ணிக்கு அம்மா கிடையாது. அதனால நம்ம அம்மா அங்க போய், பகல்ல பாப்பாவைத் தனியாப் பார்த்துக்கணும். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். போனை வெச்சதுக்கப்புறம் "நேசன் எப்ப பேசுவான்?"னு கேட்டாங்க. இப்பதானேம்மா பேசினான்னேன். "அதான், அடுத்து எப்ப பேசுவான்னு கேட்டேன்"னாங்க.

அம்மா போயிட்டா சமையல் நான்தான். அதைத் தவிர எனக்கு ஒண்ணும் தோணல. மனநிலை: 5.

பிப்ரவரி 11, செவ்வாய்

சாயங்காலம் வீட்டுக்கு வந்தா வாசல்ல ஆட்டோ. அம்மா உள்ளேயிருந்து இறங்குறாங்க, கையில சாப்பாட்டு டப்பா. ஆட்டோக்காரர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அம்மா எக்ஸ்சேஞ்ச் வாசல்ல நின்னுக்கிட்டு, ஷிப்டுக்கு நேரமாச்சு, உள்ள விடமாட்டேங்குறாங்கன்னு செக்யூரிட்டிகிட்ட சண்டை போட்டுட்டிருந்தாங்கம்மா. ஐடி கார்டுல அட்ரஸ் பார்த்துக் கூட்டிட்டு வந்தேன்"னார்.

கேட்டதுக்கு, "சும்மா பழைய ஆளுங்களைப் பார்க்கப் போனேன். அவன் என்னமோ உளர்றான்"னு சொல்லிட்டாங்க. இருக்கும். பகல் முழுக்க தனியா இருக்காங்க, பொழுது போகணுமே. அதுவுமில்லாம 15/15 எடுக்கிற ஆளுக்கு என்ன வந்துடப் போகுது? மனநிலை: 5.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்னிக்கு ஒரு கூத்து. "நான் சில வார்த்தைகள் சொல்லப்போறேன், கவனமாக் கேளுங்க" வரைக்கும்தான் வந்திருந்தேன். அம்மா கண்ணை மூடிக்கிட்டு, "சீப்பு பாலம் எருமை"ன்னு ஆரம்பிச்சு, "வெல்லம் ஏணி புறா"ன்னு முடிச்சுட்டாங்க. நான் இன்னும் ஒரு வார்த்தைகூட வாசிக்கல.

ஆர்வக்கோளாறு. அறிவிப்பு வாக்கியம் தடங்கலாயிடுச்சுன்னு எனக்குத்தான் எரிச்சல். "வாசிச்சதுக்கு அப்புறம்தாம்மா சொல்லணும்"னு சத்தம் போட்டுட்டேன். முகம் சுருங்கிப் போச்சு. "தப்பா தேனு? மார்க் குறைப்பாங்களா?"ன்னாங்க. குறைக்க மாட்டாங்கன்னேன்.

15/15ன்னு போட்டுக்கிட்டேன். மனநிலை: 5.

மார்ச் 4, செவ்வாய்

பால் பாத்திரம் கருகிப்போச்சு. பத்து நாள்ல ரெண்டாவது. மனநிலை: 5.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணனும் அண்ணியும் பாப்பாவோட வந்திருக்காங்க. பாப்பா என் விரலைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. எல்லாரும் "அத்தையைக் கண்டுபிடிச்சிடுச்சு பாரு"ன்னாங்க. நானும் சிரிச்சேன்.

அண்ணி என்னை மாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. "தப்பா எடுத்துக்காதே தேனு. அத்தை காலையிலேர்ந்து பாப்பா பேரை நாலு தடவை கேட்டுட்டாங்க. குளிப்பாட்டறேன்னு தூக்கிட்டுப் போய் பாத்ரூம்ல கீழ கிடத்திட்டு வந்து பேப்பர் படிக்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு"ன்னாங்க. அண்ணி ஸ்கூல் டீச்சர், எதையும் பெருசாக்குற ஆளில்ல.

எனக்குச் சுருக்குனு கோபம் வந்துடுச்சு. "நான் வாராவாரம் அளந்துட்டிருக்கேன் அண்ணி. அம்மாவுக்கு ஞாபகம் என்னைவிட நல்லா இருக்கு"ன்னு சொல்லி நோட்டை எடுத்துக் காட்டினேன். வரிசையா பதினஞ்சு, பதினஞ்சு, பதினஞ்சு. அண்ணி பார்த்துட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க.

அண்ணன்தான் முடிவு சொன்னான். "எதுக்கு வம்பு, ஒரு ஆஸ்பத்திரியில முறையா பார்த்துடலாம். நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்தா எல்லாருக்கும் நிம்மதி." மனநிலை: 5.

மார்ச் 17, திங்கள்

ரிப்போர்ட் வந்தாச்சு. 'நினைவாற்றல் வயதுக்கு மேம்பட்டு உள்ளது. குறைபாடு இல்லை.' அண்ணன் போன்லயே விசிலடிச்சான். ஏப்ரல் 10-க்கு அம்மாவுக்கு டிக்கெட் போட்டுட்டான்.

என்ன டெஸ்ட் வெச்சாங்கன்னு அம்மாகிட்ட கேட்டேன். "நம்ம டெஸ்ட்தாண்டி"ன்னு கண்ணடிச்சாங்க. முன்னாடி எப்பவாவது எழுதியிருக்கீங்களான்னு அந்த சைக்காலஜிஸ்ட் கேட்டாங்களாம். "இல்லவே இல்லைன்னுட்டேன். உன்னைக் காட்டிக் கொடுப்பேனா?"

சிரிப்பு வந்துச்சு. அப்புறம் நின்னுடுச்சு. துணி ஊற வெச்சிருந்தேன், அலசிக் காயப்போட்டேன். படிக்க உட்கார்ந்தேன், ஒரு பக்கம்கூட ஓடல. மனநிலை: 5.

மார்ச் 22, சனி

மாதிரித் தேர்வு. பரீட்சையில எந்தத் தாள் வேணும்னாலும் வரலாம்னு ஹெலன் மேடம் எல்லார் கையிலயும் 'ஆ' தாளைக் கொடுத்தாங்க. அப்போ ஒரு கேள்வி கேட்டாங்க. "ஒருத்தருக்கு ஒரே தாளை ரெண்டு வருஷமாத் திரும்பத் திரும்ப வெச்சா, கடைசி மார்க் எதை அளக்கும்?"

பொதுவாத்தான் கேட்டிருப்பாங்க, என்னை மனசுல வெச்சு இல்ல. "பழகின பழக்கத்தை மேடம்"னு நான்தான் பதில் சொன்னேன். "வெரி குட்"ன்னாங்க.

'ஆ' தாளைப் பைக்குள்ள வெச்சு வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன். ஏன்னு எழுதப் பிடிக்கல. மனநிலை: 5.

மார்ச் 23, ஞாயிறு

மத்தியானம் மூணு மணி. அம்மா தலை வாரி, முகம் கழுவி வந்து உட்கார்ந்தாங்க. 'ஆ' தாளை எடுத்தேன். அறிவிப்பு வாக்கியம் இன்னிக்கு ஒரு சொல்கூடப் பிசகல. "படகு, சுண்ணாம்பு, ஆந்தை"ன்னு வாசிச்சேன்.

அம்மாவுக்கு முகம் மாறிடுச்சு. "தேனு, இது வேறயா இருக்கே."

"வேறதாம்மா. ஞாபகம் இருக்கிறதைச் சொல்லு."

முதல் சுற்றுல மூணு. அஞ்சாவது சுற்றுலயும் மூணு. நடுநடுவுல சீப்பு, பாலம், எருமைன்னு பழசு வந்து விழுந்துச்சு. அரை மணி கழிச்சு, கொஞ்ச நேரம் முன்னாடி வாசிச்சேனே அதெல்லாம் சொல்லுன்னேன். "எதை வாசிச்ச?"ன்னாங்க. அப்படி ஒண்ணு நடந்ததே அவங்களுக்கு இல்லை. பூஜ்யம்னு எழுதினேன்.

தாளைப் பார்த்துட்டு அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க. "இது நான் படிக்கலடி. திடீர்னு புதுசா வெச்சா எப்படிச் சொல்லுவேன்?"

படிக்கலையா, அப்போ பழைய தாளைப் படிச்சியாம்மான்னு கேட்டேன். எழுந்து போய் மூக்குக் கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவந்தாங்க. உள்ளே நாள்காட்டித் தாள், எட்டா மடிச்சது. பின்பக்கம் அவங்க கையெழுத்துல பதினஞ்சு வார்த்தை, மூணு மூணா. தாள்ல தேதி, போன வருஷம் மே மாசம். ரெண்டாவது தடவை நான் ஃபெயிலான வாரம். தினம் குளிச்சிட்டு வந்து, பழைய எஸ்டிடி கோடெல்லாம் மனப்பாடம் பண்ண மாதிரி இதைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாங்களாம்.

"ஏம்மா?"

"நான் தப்புத் தப்பாச் சொல்லித்தானே நீ ரெண்டு தடவை ஃபெயிலான? ஏழு சொன்னேன், எட்டு சொன்னேன். நீ ஒண்ணும் சொல்லாம நோட்டுல எழுதிக்குவ. என்னால உனக்கு மார்க் போகுதேன்னு இருந்துச்சு. அதான்."

அது என் மார்க் இல்லம்மான்னு நான் அவங்களுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லணும்னே தோணினதில்லை. மனநிலை: தெரியல. 5ன்னு வெச்சுக்குவோம்.

மார்ச் 24, திங்கள்

அண்ணன்கிட்ட பேசினேன். அந்த ரிப்போர்ட் செல்லாது, அம்மாவைப் பாப்பாகூடத் தனியா விடாதேன்னேன். முதல்ல கேட்டுக்கிட்டான். அப்புறம் வெடிச்சான்.

"நீதானே நோட்டைத் தூக்கிக் காட்டின? இப்ப மாத்திப் பேசுற? லைசென்ஸ் வாங்கின ஒருத்தங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க. உனக்கு லைசென்ஸ் இருக்கா? உனக்குச் சமைச்சுப் போட ஆள் வேணும், அதானே தேனு?"

அவனைக் குத்தம் சொல்ல முடியாது. அம்மாவுக்கு ஒண்ணுமில்லைன்னு அவனுக்குத் தாள்ல எழுதியே கொடுத்துட்டாங்க, அதை யாரு விடுவா?

அந்த ரிப்போர்ட்டை எழுதினவங்கதான் வாபஸ் வாங்கணும். அதுக்கு நான் எழுத்துல கொடுக்கணும், தாளை வெளியே கொண்டுவந்தேன், அம்மாவுக்கு ரெண்டு வருஷம் போட்டேன்னு. கொடுத்தா பரீட்சைக்கு உட்கார முடியாது. மனநிலை: 5.

மார்ச் 25, செவ்வாய்

ஹெலன் மேடத்துகிட்ட சொல்லிட்டேன். நின்னுக்கிட்டேதான் சொன்னேன். மேடம் எழுந்து போய் கதவைச் சாத்திட்டு வந்தாங்க.

"நீ எழுத்துல கொடுத்தா உன் பேரை நான் நிறுத்தித்தான் ஆகணும். இந்த வருஷம் போயிடும். அடுத்த வருஷம் விடுவாங்களான்னும் சொல்ல முடியாது. நீ இப்ப சொன்னது என் காதுல விழலைன்னே வெச்சுக்கிறேன். பரீட்சையை முடிச்சுட்டு, மறுநாள் கொடு."

எதுக்கு மேடம் எனக்கு இவ்வளவு பண்றீங்கன்னு கேட்டேன். "நாங்க மட்டும் வீட்டுல யாருக்கும் போட்டுப் பார்க்கலையா?"ன்னாங்க. கிளம்பும்போது டைரி எழுதுறியான்னு கேட்டு வாங்கிக் கடைசி வரியை மட்டும் புரட்டிப் பார்த்தாங்க. "எல்லா நாளும் அஞ்சா?"

"அவ்வளவுதான் மேடம் தோணுது."

"அப்போ அளவுகோல் உடைஞ்சிருக்கு"ன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்தாங்க. மனநிலை: 5.

மார்ச் 27, வியாழன்

அம்மா கிளம்புறது பத்தாம் தேதி. பரீட்சை இருபத்தொண்ணு. நடுவுல பதினோரு நாள். பதினோரு நாள்ல என்ன ஆயிடப் போகுது?

அம்மா சூட்கேஸ் அடுக்குறாங்க. பாப்பாவுக்குப் பின்னின ஸ்வெட்டரை வெச்சாங்க, எடுத்தாங்க, திரும்ப வெச்சாங்க. மனநிலை: 5.

மார்ச் 29, சனி

காலையில பால்காரர்கிட்ட பேசிட்டு உள்ளே வந்தா கேஸ் நாத்தம். அடுப்பு திறந்திருக்கு, தீ இல்லை. அம்மா பக்கத்துலயே முக்காலியில உட்கார்ந்து வெங்காயம் உரிச்சிட்டிருக்காங்க. மூடிட்டு ஜன்னலையெல்லாம் திறந்தேன். "நான் அடுப்புப் பக்கமே போகலையே"ன்னு சிரிச்சாங்க. மறைப்பாங்க, சிரிச்சு சமாளிப்பாங்க. ரெண்டு தடவை அடிக்கோடு போட்டுப் படிச்சேனே.

பக்கத்துல பாப்பா கிடந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பார்த்தேன். அதுக்கப்புறம் ஒரே தாள்ல எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூணு பிரதி: ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு, ஹெலன் மேடத்துக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ஒண்ணு. 'தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சுடுங்க' மாதிரி எதுவும் எழுதல. நடந்ததை மட்டும் எழுதினேன்.

ரெண்டை நேர்ல கொடுத்துட்டு, அண்ணனோடதைத் தபால்ல போட்டாச்சு. பஸ்ல வரும்போது நான் இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப் போயிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆஸ்பத்திரியில வேற டெஸ்ட் எல்லாம் போட்டு, ஸ்கேனும் பார்த்து, அண்ணன், நான் ரெண்டு பேரையும் உட்கார வெச்சு அன்றாடம் நடக்கிறதையெல்லாம் விசாரிச்சாங்க. நான் ஜனவரி ரசத்துலேர்ந்து சொன்னேன். அண்ணன் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தான். டிமென்ஷியாதான், ஆரம்ப கட்டம் தாண்டியாச்சு. ஒரு வருஷம் முன்னாடியே வந்திருந்தா திட்டம் போட நேரம் கிடைச்சிருக்கும்னாங்க.

அந்த ஒரு வருஷமும் நான் நோட்டுல பதினஞ்சுன்னு எழுதிட்டிருந்தேன்.

வெளியே வந்ததும் அண்ணன் டிக்கெட்டை ரத்து பண்ணினான். "சமைச்சுப் போட ஆள் வேணும்னு சொன்னதை மறந்துடு தேனு"ன்னான். அண்ணி லீவை நீட்டியிருக்காங்களாம், ஜூன்ல இன்னொரு ஏற்பாடு பண்ணிக்குவாங்களாம். பாப்பா அண்ணி மடியில தூங்கிட்டிருந்துச்சு. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துடுச்சு. பார்க்கிங்ல நின்னுக்கிட்டு, ஆள் போற வர்ற இடம்னுகூடப் பார்க்காம அழுதேன். அம்மா முந்தானையால என் மூக்கைத் துடைச்சுவிட்டு, "யாருடி திட்டினா?"ன்னு கேட்டாங்க.

மனநிலை: 2.

ஏப்ரல் 21, திங்கள்

பரீட்சை நாள். மத்தவங்க எல்லாம் எட்டு மணிக்கே சென்டருக்குப் போயிருப்பாங்க. நான் அம்மாவுக்குத் தலைக்கு ஊத்திவிட்டேன். பெயர் நீக்கின கடிதம் போன வாரமே வந்துடுச்சு. அதை அம்மாகிட்ட சொல்லல. ஆனா கேலண்டர்ல 21-ஐச் சுத்தி அவங்க போட்ட வட்டம் அப்படியே இருக்கு. என்னத்துக்கு வட்டம்னுதான் மறந்துட்டாங்கன்னு நினைச்சேன்.

மறக்கல. தலை துவட்டும்போதே, "இன்னிக்குத்தானே உனக்கு?"ன்னாங்க. ஆமாம்மான்னேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, கையை மடியில வெச்சுக்கிட்டு, கண்ணை மூடினாங்க. "சீப்பு பாலம் எருமை, கடிதம் நாவற்பழம் கூரை, மணல் ஊசி தேர், கரண்டி மின்னல் செருப்பு, வெல்லம் ஏணி புறா." ஒண்ணுகூட விடல.

"சரியாச் சொன்னேனா? பாஸாயிட்டியா?"

"பாஸாயிட்டேம்மா."

கன்னத்தைப் பிடிச்சுக் கிள்ளி, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரிச்சாங்க. சர்க்கரை டப்பாவை எடுத்துட்டு வந்து என் வாயில ஒரு சிட்டிகை போட்டாங்க. பத்து நிமிஷம் கழிச்சு, "இன்னிக்குத்தானே உனக்கு?"ன்னு திரும்ப ஆரம்பிச்சாங்க. நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. கண்ணை மூடினாங்க.

மார்க் எதுவும் போடல இன்னிக்கு. பொழுது சாயறதுக்குள்ள ஆறு தடவை பாஸாயிட்டேன். ஆறு தடவையும் சர்க்கரை.